தம்பி இருக்கும் கட்டம்

நான்காவது தெருவும் மூன்றாவது குறுக்குத் தெருவும் வெட்டிக்கொள்கிற முனையில் நின்று மாசிலாமணி தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தப்பு ஒன்றும் நடந்துவிடவில்லை. எல்லாம் கணக்குப்படிதான் போய்க்கொண்டிருக்கிறது. தம்பி வீடு இன்னும் அகப்படவில்லை என்பது உண்மைதான், ஆனால் தம்பி இல்லாத வீடுகள் எத்தனை அகப்பட்டுவிட்டன, அதுவும் ஒரு முன்னேற்றம்தானே. வீட்டுவசதி வாரியத்துக்காரன் புண்ணியவான், திண்டுக்கல் பைபாஸைத் தாண்டி இந்தப் பொட்டலில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒன்பது தெரு, ஆறு குறுக்குத் தெரு என்று போட்டுவைத்திருக்கிறான். பழைய ஊர் மாதிரி சந்துக்குள் சந்து, முடுக்குக்குள் முடுக்கு என்றிருந்தால் மனுஷன் என்ன செய்ய முடியும். இது கட்டம். கட்டத்துக்குள் ஒன்றை ஒளித்து வைத்தால் அதைத் தேடி எடுக்க வழி உண்டு, அந்த வழி தனக்குத் தெரியும். அறுபத்திரண்டு வயதில் தனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான் என்று மனைவி செண்பகவல்லிகூடச் சொல்லுவாள், பாராட்டாகச் சொல்லுவதில்லை என்றாலும். கையிலிருந்த மஞ்சள் பையைத் தொட்டுப் பார்த்தார். வெற்றிலை இந்நேரம் வாடியிருக்கும். பழங்கள் உருண்டன. பழங்களுக்கு மேலே கல்யாணப் பத்திரிகைகள் இரண்டு, தனித்தனி உறையில். மகள் நிறைமதிக்கு ஆவணியில் கல்யாணம். கூடப் பிறந்த தம்பிக்குப் பத்திரிகை வைக்க வந்த இடத்தில் தம்பி வீடு எது என்று தெரியாமல் ஒருத்தன் உச்சி வெயிலில் தெருத்தெருவாக அளந்துகொண்டிருக்கிறான் என்றால் கேட்டு நாலு பேர் சிரிப்பார்கள். அதனால்தான் அந்த நாலு பேரில் ஒருவரையும் கேட்பதில்லை என்று தேனியில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தார்.

கேட்டால் ஒரு நிமிஷ வேலை, அது அவருக்குத் தெரியாமலா. சின்னக்கா மகனிடம் கேட்டிருந்தால் கதவு எண்ணோடு சொல்லியிருப்பான். சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வத்தலக்குண்டு வரைக்கும் உள்ள அத்தனை சொந்தத்துக்கும் தண்டோரா போட்டிருப்பான், பெரியவருக்குத் தம்பி வீடே தெரியாதாம்ல என்று. பதினோரு வருஷமாகப் பேச்சில்லை என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் பேச்சில்லாமல் இருப்பது வேறு, அட்ரஸ் தெரியாமல் இருப்பது வேறு. முன்னது வீம்பு, அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பின்னது கேவலம். பஸ்ஸில் வரும்போது பேப்பரின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்திருந்த புதிரைப் போட்டுக்கொண்டு வந்தார், எட்டுக்கு எட்டுக் கட்டம், ஏதோ ஒரு கட்டத்தில் கள்ளன் ஒளிந்திருக்கிறான், நீ கேள்வி கேட்கலாம், ஆம், இல்லை என்று மட்டும்தான் பதில் வரும், குறைந்தது எத்தனை கேள்வியில் அவனை உறுதியாகப் பிடிப்பாய். பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மேல் மூலைக் கட்டத்துல இருக்கானானு மொதல்ல கேளுங்க சார், கள்ளன் மூலையிலதான் இருப்பான் என்றான். மடையன். இருந்தால் ஒரே கேள்வி, இல்லாவிட்டால் மிச்சம் அறுபத்து மூன்று கட்டம். நல்லது நடக்கும் என்று நம்பிக் கேட்கிறவனுக்கும் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம். கள்ளன் உன் எதிரி, நீ கேட்கிற கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, உனக்கு எங்கே ரொம்ப வலிக்குமோ அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வான் என்று முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கட்டத்தை இரண்டாக வெட்டு, இந்தப் பாதியா என்று கேள். ஆம் என்றாலும் பாதி போச்சு, இல்லை என்றாலும் பாதி போச்சு. எதிரியால் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி வெட்டு. ஆறு கேள்வி. அதற்கு மேலே போகவே போகாது. அதற்குக் கீழேயும் வராது என்பதைப் பற்றி மாசிலாமணி எப்போதும் யோசித்ததில்லை.

கருவூலத்தில் முப்பத்து மூன்று வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தார், அப்படித்தான் குடித்தனமும் நடத்தினார். வானம் வெளுத்துக் கிடந்தாலும் குடை, பத்து மணி ரயிலுக்கு எட்டு மணிக்கே பிளாட்பாரம், பிரசவத்துக்கு இரண்டு ஆஸ்பத்திரியில் பேர் பதிவு. உங்களுக்குச் சந்தோசமா இருக்கவே பயங்க, இருந்துட்டா எவனாச்சும் பிடுங்கிட்டுப் போயிருவான்னு பயம் என்பாள் செண்பகவல்லி. அவளுக்கென்ன, வாய் இருக்கிறது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்றைக்கு அவள் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஊர்கிறது. இப்படிக்கு என்று போட்டுக் கீழே சொந்தங்களின் பேரை வரிசையாகப் போடுகிற இடத்தில், பெண்ணின் சித்தப்பா பேரைப் போடுவதா, விடுவதா. போட்டு, அவன் வராமல் போனால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மண்டபத்தில் வைத்து எங்கே உங்க தம்பி என்று கேட்பார், நிச்சயதார்த்தத்திலேயே ஒரு தரம் கேட்டுவிட்டார். போடாமல் விட்டு, அவன் வந்து நின்றால், பங்காளியைக் கழித்துவிட்டான் என்று சாதிசனமே காறித் துப்பும். இரண்டில் எது மோசம் என்று ஒரு வாரம் யோசித்தார். பிறகுதான் அந்த வழி தட்டுப்பட்டது. இரண்டு மாதிரியும் அடித்துவிடுவது. பேர் போட்டது ஒரு கட்டு, போடாதது ஒரு கட்டு. அச்சகத்துக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இப்பிடி நான் அடிச்சதே இல்லீங்களே சார் என்றார். போய்த் தம்பி முகத்தைப் பார்ப்பது, முகம் இளகியிருந்தால் பேர் போட்டதை வைப்பது, ஊருக்கும் அதையே கொடுப்பது. முகம் கல்லாக இருந்தால் மற்றதை வைப்பது, பேர் போட்ட கட்டை வென்னீர் அடுப்பில் போட்டுவிடுவது. எந்தப் பக்கம் விழுந்தாலும் நஷ்டமில்லை. சோடியாகப் போய் வைப்பதுதானே முறை, நீயும் வா என்று கூப்பிட்டதற்குச் செண்பகவல்லி முழங்காலைத் தடவிக்கொண்டு, கொள்ளி வச்ச கையாலயே கொண்டு போய்க் குடுங்க, நான் எதுக்கு நடுவுல என்றாள். சோற்றில் கல்லைப் போட்ட மாதிரி. நிறைமதி மட்டும் வாசல் வரைக்கும் வந்தாள். எனக்கு நகை கூடப் போடு, புடவை கூட எடுன்னு நான் எதாச்சும் கேட்டேனாப்பா, சித்தப்பா வரணும், அது ஒண்ணுதான் கேக்குறேன் என்றாள்.  அவர் செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

ஐந்தாவது தெருவில் திரும்பினார். கையிலிருக்கிற தடயங்கள் மூன்று. அக்கா பேரன் காதுகுத்தில் யாரோ செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள், பூமிநாதன் புது வீட்டு வாசலில் எடுத்ததாம், எனக்கென்ன என்கிற பாவனையில் ஓரக்கண்ணால் பார்த்ததுதான், ஆள் முகம் சரியாகக் கண்ணில் படவில்லை. பச்சைக் கம்பிக் கேட்டு. பக்கத்தில் ஒரு முருங்கை மரம். பின்னால் இடது கைப் பக்கம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிற்பது காலனியின் மேற்கு ஓரம், அது பின்னால் இடது பக்கம் தெரிய வேண்டுமானால் வீடு கிழக்கே பார்த்திருக்க வேண்டும், தொட்டிக்கு வடக்கே இருக்க வேண்டும், பாதிக் கட்டம் அங்கேயே கழிந்துவிட்டது. தெருவுக்கு மேற்கு வரிசை மட்டும். இன்னும் பாதி போச்சு. மிச்சத்தில் பச்சைக் கேட்டு, முருங்கை. ஐந்தாவது தெருவில் முதல் வீடு சிவப்பு, அடுத்தது கட்டி முடிக்காதது, அடுத்தது நீலக் கேட்டு, மதில் மேல் அந்தோணிசாமி, ஆசிரியர் (ஓய்வு) என்று பலகை, கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வழுக்கைத் தலையோடு எலும்பும் தோலுமாக ஒரு கிழவர், கைவைத்த பனியன், மூக்கில் பெரிய கண்ணாடி. ஓய்வு ஆசிரியர்தான் போல. முருங்கையும் இல்லை. கழி. அவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி நடையை எட்டிப் போட்டார். சும்மா உட்கார்ந்திருக்கிற கிழவர்களிடம் மாட்டினால் எந்த ஊரு, யாரு மகன் என்று தோண்டித் துருவிவிடுவார்கள். அடுத்த வீடு கறுப்புக் கேட்டு. அதற்கடுத்தது பூட்டிக் கிடந்தது.

தெருக்கோடி வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது. பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"என்னங்கய்யா, காலையில இருந்து சுத்திச் சுத்தி வாறீங்க? யாரத் தேடுறீங்க?"

"யாரையும் தேடலம்மா. வாடகைக்கு வீடு எதுவும் கிடைக்குமானு பாக்கலாம்னு."

பொய் அவ்வளவு சுத்தமாக வாயில் வந்ததில் அவருக்கே ஒரு ஆச்சரியம்.

"வீடா? அந்தா அந்த நீலக் கேட்டு இருக்குல்ல, அங்க ஒக்காந்திருக்காரு பாருங்க, அவருகிட்டக் கேளுங்க. எந்த வீடு காலி, எந்த வீட்டுல ஆளு வந்திருக்குனு எல்லாம் தெரியும். ஒடம்புக்கு முடியாதவரு, பொழுதன்னைக்கும் தெருவத்தான் பாத்துக்கிட்டிருப்பாரு."

"கேக்குறேம்மா."

கேட்பாரா என்ன. தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் என்றால் அத்தனை பேரையும் தெரிந்து வைத்திருக்கிறவன், பூமிநாதனையும் தெரிந்து வைத்திருப்பான், உங்க அண்ணன்னு ஒருத்தரு வீடு தெரியாம அலைஞ்சாரே என்று சாயங்காலமே போய்ச் சொல்லுவான். கேட்கக் கூடாத ஆள் இந்தக் காலனியிலேயே அவன் ஒருத்தன்தான். ஆறாவது தெருவுக்குள் நுழைந்தார். வெயில் மண்டைக்குள் இறங்கியது. உடம்புக்கு முடியாதவர் என்றாளே, பூமிநாதனுக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் முடியாமல்தான் போனது, வயிற்றில் கட்டி, மதுரையில் ஆப்பரேஷன் என்று கேள்வி. அப்போதே போயிருக்கலாம். போவதற்குச் சட்டைகூட மாட்டினார். போய், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? ஆஸ்பத்திரி வராந்தாவில், அவன் மாமனார் வீட்டு ஆட்கள் முன்னால்? சாகப் போகிறவன் மாதிரி கிடக்கிறவன் முகத்தைத் திருப்பினால் திருப்பிச் சண்டைகூடப் போட முடியாதே. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டி சாதாரணக் கட்டிதானாம், பிழைத்துக்கொண்டானாம் என்று மூன்றாவது ஆள் வழியாகத் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார், ஏன் என்று செண்பகவல்லி கேட்கவில்லை. ஆறாவது தெருவில் பச்சைக் கேட்டு ஒன்று இருந்தது. கிட்டே போனார். உள்ளே நாய் குரைத்தது. பூமிநாதனுக்கு நாய் என்றாலே ஆகாது, எட்டு வயதில் தெருநாய் துரத்தி அண்ணன் இடுப்பில் ஏறிக்கொண்டவன். கழி. மேலும் தொட்டி வலது கைப் பக்கம் இருந்தது.

ஏழாவது, எட்டாவது. முருங்கை இருந்த இடத்தில் கேட்டு மஞ்சள், கேட்டு பச்சையாக இருந்த இடத்தில் தென்னை. கடைசியில்தான் இருப்பான், நான் எங்கே தேடி முடிக்கிறேனோ அங்கேதான் இருப்பான், அது தெரிந்ததுதானே. ஒன்பதாவது தெருவில் வீடுகளே பாதிதான் இருந்தன, மிச்சம் கருவேலம். அதிலும் இல்லை. அப்போதுதான் முதல் முறையாக ஒரு பயம் வந்தது. எல்லாவற்றையும் கழித்தாகிவிட்டது, மிச்சம் ஒன்றும் இல்லை. புதிரில் இப்படி வரவே வராது. இப்படி வந்தால் ஏதோ ஒரு இடத்தில் இல்லை என்று எழுதியது தப்பு என்று அர்த்தம். எந்த இடம்? திரும்பி நடந்தார். கேட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை, முருங்கை காற்றுக்கு விழுகிற சாதி மரம், அது இன்னும் நிற்கும் என்று யார் சொன்னது. கள்ளன் வைத்த இடத்தில் இருப்பான் என்று நம்பியது யார், கருவூலத்து மாசிலாமணியா. கால்கள் அவரைக் கேட்காமலேயே ஐந்தாவது தெருவுக்கு வந்திருந்தன. நீலக் கேட்டு. கிழவர் இந்தத் தடவை நாற்காலியின் கையைப் பிடித்து அரைகுறையாக எழுந்தார், எழுந்து ஒரு கையைப் பாதி தூக்கினார். கூப்பிட்டு வைத்துப் பேசுகிற வகைதான். மாசிலாமணி பார்க்காதது போலத் தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்தபடி கடந்தார். தொட்டி இடது கைப் பக்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பலகையில் வேறு பேர் இருக்கிறதே. பூமிநாதன் வீடு வாங்கிவிட்டான் என்றுதானே சொன்னார்கள். வாங்கிவிட்டான் என்றார்களா, குடிவந்துவிட்டான் என்றார்களா.

அன்றைக்கும் இதே மாதிரி வெயில்தான். அதையேன் இப்போது நினைக்க வேண்டும், நினைக்க வேண்டாம் என்று எத்தனை தடவை ஒதுக்கிவைத்தாயிற்று. அப்பாவுக்குத் தலைமகன் கொள்ளி, அம்மாவுக்குக் கடைமகன் கொள்ளி, அது பாட்டன் காலத்து முறை, அதை அவர் மறுக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தபோது பூமிநாதன் சோலாப்பூர் மில்லில் இருந்தான், கிடைத்த ரயிலில் ஏறிவிட்டேன், எடுத்துராதண்ணே, நான் வந்துக்கிட்டே இருக்கேன் என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் பண்ணினான். கடைசியாக மதுரை தாண்டிவிட்டேன் என்றான். தாண்டிவிட்டான், சரி. பஸ் நின்றுபோனால்? உசிலம்பட்டியில் மறியல் கிறியல் என்று ஆனால்? மேற்கே மேகம் வேறு திரண்டிருந்தது, மழை பிடித்தால் விறகு பற்றுமா, பொழுது இறங்கிவிட்டால் ராத்திரி முழுக்கப் போட்டு வைக்க முடியுமா. கொஞ்சம் பொறுப்பமேப்பா, பிள்ளை வந்துரட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். சொல்லுவார்கள், நாளைக்கு ஒன்று ஆனால் பதில் சொல்லப்போவது அவர்களா. அவரே வைத்தார். தீ நன்றாகப் பிடித்து நிமிர்ந்தபோது மயானத்துப் பாதையில் தோள்பையோடு ஒருத்தன் ஓடி வந்துகொண்டிருந்தான். ஓடி வந்தவன் பாதியில் நின்றான்.  அழக்கூட இல்லை, பையை இறக்கிக்கூட வைக்கவில்லை, தீயையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தவன்தான். மழை வந்திருந்தால்? வரவில்லை, ஆனால் வரவில்லை என்பது பிறகு தெரிந்த விஷயம். வந்திருந்தால் எல்லோரும் என்ன சொல்லியிருப்பீர்கள். பதினோரு வருஷமாக இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஊரையே ஜெயித்துக்கொண்டிருக்கிறார், பதில் சொல்ல ஊரில் யாரும் முன்வரவில்லை.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் குடித்த காபிதான். நிறைமதிக்கு என்ன சொல்லுவது, வீடு கண்டுபிடிக்க முடியவில்லையடி என்றா? தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீலக் கேட்டு வீட்டு மதில்.

"யாருங்க வேணும்? மூணு தடவையா இப்பிடியே போறீங்க வாறீங்க."

கிழவர் கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். கிட்டத்தில் பார்த்தால் அவ்வளவு வயசில்லை. நோய் தின்ற முகம். இனி தப்பிக்க முடியாது. அப்பாடா என்றும் இருந்தது.

"இங்க பூமிநாதன்னு ஒருத்தரு… சோலாப்பூர் மில்லுல இருந்தவரு."

அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவருக்கு நீங்க என்ன வேணும்?"

அண்ணன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணனுக்கே வீடு தெரியாதா என்று அடுத்த கேள்வி வருமே.

"தெரிஞ்சவங்கதான்."

"தெரிஞ்சவங்க."

"ஆமாங்க. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி பழக்கம்."

"அவரு இப்ப இங்க இல்லீங்க" என்றார் அந்த ஆள். "ஒக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி கொண்டாறேன்."

கேட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே பாத்திரச் சத்தம். வேறு ஆள் நடமாட்டம் இல்லை. அவர் டம்ளரோடு வந்தார், வலது கையில் டம்ளர், இடது உள்ளங்கையால் டம்ளர் வாயை மூடிக்கொண்டு. மாசிலாமணி நீட்டிய கை அப்படியே நின்றது. வாசலுக்குக் கொண்டு வருகிற தண்ணீரைத் தூசி விழாமல் உள்ளங்கையால் மூடித்தான் கொண்டு வர வேண்டும், அது அம்மா சட்டம், மறந்தால் மண்டையில் குட்டுவாள், அந்த வீட்டில் வளர்ந்த நாலு பேரும் இன்னும் அப்படித்தான் கொண்டு வருவார்கள், செண்பகவல்லி கேலி செய்து செய்து ஓய்ந்துவிட்டாள். டம்ளரிலிருந்து கண்ணை எடுத்தார். காது. அப்பாவின் ஒட்டிய காது மடல். புருவம். கண்ணாடிக்குப் பின்னால் கண், அது பெரிதாகத் தெரிந்தது, அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது, முதல் தடவை கடந்தபோதும் அதுதான் பார்த்துக்கொண்டிருந்தது. கை பாதி தூக்கினானே. எழுந்தானே. டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். தம்பி முகம் எனக்குத் தெரியவில்லை. என் இடுப்பில் ஏறினவன் முகம். இப்போது சொல்லிவிடலாம், டேய் பூமி என்று ஒரு வார்த்தை, டம்ளரைக் கீழே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துவிடலாம். பிடித்தால் உதறுவான். உதறாமலும் இருக்கலாம். உதறினால்? தெரிஞ்சவங்கதான்னு சொன்ன வாய் எதுங்க என்று கேட்டால்? சொல்லாமல் இருந்தால் அவன் இல்லை என்றது இல்லையாகவே நிற்கும், யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை, தெரியாத வீட்டில் தண்ணீர் குடித்தேன், பத்திரிகையைக் கொடுத்தேன், போனேன். வீட்டில் வைத்தாகிவிட்டது என்று மகளிடமும் சொல்லலாம். எது குறைந்த நஷ்டம். பைக்குள் கை போனது. இரண்டு உறை. பேர் போட்டதைக் கொடுத்தால் அதுவே எல்லாவற்றையும் பேசிவிடும், நான் வாய் திறக்க வேண்டியதில்லை. கிழித்துப் போட்டானானால்? தம்பி பேரைப் போட்டுக்கொண்டு போய்க் கெஞ்சினான், அவன் கிழித்துப் போட்டான் என்று ஆகிவிடும். பேர் போடாததில் கிழிக்க ஒன்றும் இல்லை. இவ்வளவும் ஒரு மடக்குத் தண்ணீருக்குள் முடிந்துவிட்டது. பழக்கப்பட்ட மூளை.

"எங்க வீட்டுல ஒரு விசேசம்" என்றார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "அவரப் பாத்தா இதக் குடுத்துருங்க."

"பாத்தாக் குடுக்குறேன்."

வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை. பூமிநாதன் இரண்டு கையாலும் வாங்கினான். உறையைப் பிரித்தான். மணமகள் பேர் இருந்த இடத்தில் விரல் நின்றது, நிறைமதி என்று உதடு மட்டும் அசைந்தது, அந்த ஒரு கணம் முகம் என்னமோ செய்தது, இளகியது என்றுதான் சொல்ல வேண்டும், மாசிலாமணி எந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தேனியிலிருந்து கிளம்பினாரோ அந்த முகம். பிறகு விரல் கீழே இறங்கியது. சின்னக்கா வீட்டுக்காரர் பேர். ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் பேர். மாமன் மச்சான் பேர்கள். கடைசி வரிக்குப் போய், மறுபடி முதல் வரிக்கு வந்து, மறுபடி கடைசி வரைக்கும் போனது.

"நீங்க சொன்னவரு பேரு இதுல எங்கயும் காணமேங்க" என்றான். "வேற யாருக்கோ வெக்க வேண்டியது போல."

அதற்கு மேல் மாசிலாமணியால் முடியவில்லை. எந்தக் கணக்கும் போடாமல் அவர் செய்த காரியம் அன்றைக்கு அது ஒன்றுதான். இரண்டாவது உறையைப் பைக்குள்ளிருந்து உருவினார், அவசரத்தில் பழம் ஒன்று உருண்டு கேட்டுக்கு அடியில் போனது, உறையைத் தம்பி கையில் திணித்தார்.

"இருக்கு. இதுல இருக்கு. பாரு. மொத பேரே அதுதான்."

பூமிநாதன் அதையும் பிரித்துப் பார்த்தான். தன் பேரைப் பார்த்தான். ஒன்றை வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை ஒத்துப் பார்க்கிற வாத்தியார் மாதிரி, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாம் ஒன்றுதான், ஒரு வரியைத் தவிர. அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு, தோள் எலும்பு மட்டும் குலுங்கியது.

"ரெண்டு மாதிரி அடிச்சு வச்சிருக்கியாண்ணே."

பதினோரு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாசிலாமணி காத்துக்கிடந்தார்.  பூமிநாதன் இரண்டு பத்திரிகையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஓரம் தட்டிச் சரிபண்ணி, அவர் கையில் திருப்பி வைத்தான். வெற்றிலை பாக்கையும் பழத்தையும் எடுத்து அவர் பைக்குள் போட்டான். குனிந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கடியில் கிடந்த பழத்தையும் எடுத்துத் துடைத்துப் போட்டான்.

"ரெண்டாவது தெரு முக்குல ஆட்டோ நிக்கும்ங்க" என்றான். "பஸ் ஸ்டாண்டுக்குனு சொன்னா எறக்கி விட்டுருவான். வெயிலு தாழப் போங்க."

டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூட மாசிலாமணிக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும். அவன் மெதுவாகத்தான் சாத்தினான்.